ராணிக்குப் பக்கத்தில்

ஓவியத்தில் இளவரசனின் தொப்பிக்குத் தங்க ரேக்கு ஒட்டி, நாய்ப்பல்லால் தேய்த்து மினுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவன் இறந்துபோன செய்தி ஓவியக்காரி பெரோனெல்லுக்கு வந்தது. கொண்டுவந்தவர் அரண்மனைக் காரியஸ்தர்.

"காய்ச்சல். அடக்கம் பண்ணியாச்சு. ராணியம்மா ஜெபப் புஸ்தகத்துல புள்ள படம் இருக்கக் கூடாது. பாத்தா தாங்க மாட்டாங்க. எடுத்துடு."

"அவங்க சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

தோல் தாள் விற்கிறவர்களும் எழுத்தர்களும் ஓவியர்களும் நெருக்கியடித்துக் குடியிருந்த அந்தப் பாரிஸ் தெருவில், அரண்மனை வேலை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பெரோனெல் கத்தியை எடுத்தாள். படத்தில் ராணி மாதாவின் முன் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் நீல அங்கியில் பையன். ஒரே ஒருமுறைதான் அவனைப் பெரோனெல் முன் உட்காரவைத்தார்கள். ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கவில்லை. விழுந்த முன்பல் சந்தில் நாக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் உதடுகளைக் கொஞ்சம் பிரித்தே வரைந்திருந்தாள். கத்தியை வைத்துச் சுரண்டியதும் முகம் சுலபமாகப் பெயர்ந்து வந்துவிட்டது. நீலம்தான் தோல் தாளில் ஊறிப்போயிருந்தது. சுரண்டிய இடத்தில் ஒரு வெள்ளை வேட்டைநாயை உட்காரவைத்தாள்.

அடுத்த மேசையில் எழுதிக்கொண்டிருந்த அவள் புருஷன் கோலார் எட்டிப் பார்த்தான். "நல்லாதான் இருக்கு. நாளைக்கு நாயும் செத்துப்போனா என்னடி பண்ணுவ?"

"உங்கள உக்கார வைப்பேன்."

ஈஸ்டருக்குப் போன புத்தகம், திராட்சை அறுவடை நேரத்தில் திரும்பி வந்தது. கொண்டுவந்தவள் ராணியின் தோழி எர்சான்.

"நாய்க்கு அடியில நீலம் தெரியுதாம். என் புள்ளைய எடுத்துட்டு நாய வெச்சது யாருன்னு ராணியம்மா கேக்கறாங்க. காரியஸ்தர், நீயாவே செஞ்சதுன்னு சொல்லிட்டாரு."

கோலார் எழுந்துவிட்டான். "அவர் சொன்னப்ப நானும் இங்கதானே இருந்தேன்!"

"ஓவியக்காரி புருஷன் பேச்ச அங்க யாருய்யா கேப்பா?" எர்சானின் குரலில் பகை இல்லை. "புள்ளைய மறுபடி போட்டுக் குடும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்."

பெரோனெல் அந்தத் தாளை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சுரண்டிய இடம் வெங்காயத் தோல்போல மெலிந்திருந்தது. பையனை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். நாக்கு வந்தது. மற்றது வரவில்லை.

"அவன் கண்ணு என்ன நெறம்?"

"பழுப்பு" என்றாள் எர்சான். பிறகு, "இல்ல, சாம்பல்" என்றாள்.

பெரோனெல் கத்தியைத் தொடவில்லை. ஈரத்துணியின் நுனியால், அவசரப்படாமல், நாயை ஒற்றி ஒற்றி எடுத்தாள். முதலில் காதுகள் போயின, கடைசியில் வால். தூரிகைகள் குவளையிலேயே இருந்தன.

"இவ்வளவுதான் முடியும். இன்னொரு முகம் போட்டா அது வேற யாரோ புள்ள. தோலும் தாங்காது, ஓட்ட விழுந்துடும். சொன்னேன்னு சொல்லுங்க."

"அவங்க கோபப்பட்டா?"

"என்னைக் கூப்பிட்டு அனுப்பட்டும்."

"பெரோனெல்..." என்றான் கோலார். போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

தாள் காய்ந்திருக்கவில்லை. அதனால் எர்சான் புத்தகத்தை மூடாமல், இரண்டு கைகளிலும் விரித்து ஏந்தியபடி படியிறங்கினாள். தெருவில் ஒரு பீப்பாய் வண்டிக்காரன் அவளைப் பார்த்துவிட்டு மாட்டை ஒதுக்கிக்கொண்டான். காற்றில் பக்கம் புரளாமல் கட்டைவிரலால் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். மண்டியிட்ட ராணிக்குப் பக்கத்தில், பிள்ளை உயரத்துக்கு, வெளிறிய நீலம் ஈரமாக மினுங்கியது.