வர்சனோஃபி சாமியின் கண்ணீர்

எங்கள் மடத்து வர்சனோஃபி சாமி அழுவதைப் பார்க்க மாஸ்கோவிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். பூசை தொடங்கியதுமே அவர் கன்னத்தில் தாரை தாரையாக வழியும். "பாவிகள்லயே பெரும் பாவி நான்" என்பார். ஃபர் கோட்டு அம்மாக்கள் உருகிப்போய் உண்டியலை நிரப்புவார்கள். சமையற்கட்டில் முட்டைக்கோஸ் சூப் காய்ச்சும் எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வெங்காயம் நறுக்கினால் எனக்கும்தான் கண்ணீர் வருகிறது, யாரும் பஸ் பிடித்து வரவில்லை.

பாவி என்பாரே தவிர, என்ன பாவம் என்று வாய் திறந்ததில்லை. சாமியாவதற்கு முன் அவர் மரக்கிடங்கு முதலாளி. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் குடித்துவிட்டு மோட்டார் படகைப் பாலத்தூணில் கொண்டுபோய் மோதினார். கூட இருந்த இரண்டு பேர் செத்தார்கள். ஒருத்தி கணக்கர் சவேலியின் மகள். இன்னொருவன் கிடங்கில் மரம் சுமந்த இக்நாத். சுக்கான் பிடித்தது இக்நாத்தான் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டு முதலாளி வெளியே வந்துவிட்டார். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? தன் படகை அவர் யாரையும் தொடவிட்டதில்லை என்பது கிராமத்துக்கே தெரியும். ஆனால் அவரிடம் சம்பளம் வாங்கிய வாய்கள் எப்படித் திறக்கும்?

சவேலி வெறிபிடித்துப் போய் இக்நாத்தின் கல்லறைச் சிலுவையைப் பிடுங்கி எறிந்தார். இக்நாத்தின் தாய் கிளாவ்தியா திரும்ப நட்டாள். அவர் திரும்பப் பிடுங்கினார். குடிகாரக் கொலைகாரனைப் பெற்றவள் என்று கடையில் ரொட்டி வாங்கக்கூட அவளை நிம்மதியாக விடவில்லை. கடைசியில் எங்கள் மாட்டுக்கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தாள். வர்சனோஃபி சாமி அவள் கறந்த பாலைக் குடிப்பார், அவள் வரும் பக்கம் மட்டும் தலைகாட்ட மாட்டார்.

தவக்காலம் தொடங்கும் முன் வருகிற மன்னிப்பு ஞாயிறு அவருக்குப் பெரிய தொல்லை. அன்று மாலை கோயிலில் எல்லோரும் வரிசையாக வந்து ஒருவர் காலில் ஒருவர் விழ வேண்டும். "என்னை மன்னிச்சிடுங்க" என்றால், "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அவ்வளவு மலிவு. இருந்தும் வருஷா வருஷம் அன்று பார்த்து அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

இந்த வருஷம் டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கேமரா என்றால் எங்கள் மடாதிபதிக்குத் தாடி தானாகவே சீவிக்கொள்ளும். "காய்ச்சலாவது மண்ணாவது, எழுந்து வாங்க" என்று வர்சனோஃபியை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்.

வரிசை நகர்ந்தது. சாமி அழுதுகொண்டே ஒவ்வொருவர் காலிலும் விழுந்தார். நிமிராமல் அடுத்த காலில் விழுந்தவர், சாணி ஒட்டிய ஃபெல்ட் பூட்ஸைக் கண்டதும் அப்படியே தரையில் கிடந்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா."

"எதுக்கு சாமி?" என்றாள் கிளாவ்தியா.



"எல்லாத்துக்கும்."

"எல்லாத்தையும் கடவுள் பாத்துக்குவாரு. எங்கிட்ட உங்களுக்கு இருக்கிறது ஒண்ணுதான். அதச் சொல்லுங்க."

மடாதிபதி குனிந்து சிரித்தபடியே பல்லைக் கடித்தார். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு நகரும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

"அவர்தான் சொல்லணும் சாமி. நான் இல்ல."

வர்சனோஃபி தலையைத் தூக்கினார். கண்ணில் இப்போது ஒரு சொட்டு ஈரமில்லை. பயந்த மனிதனின் வெறும் முகம். அவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

"சுக்கான்... என் கையில இருந்துச்சு."

"சத்தமா."

"சுக்கான் என் கையிலதான் இருந்துச்சு. உம் பையன் தொடவே இல்ல. கோர்ட்ல நான் பொய் சொன்னேன்."

கிளாவ்தியா திரும்பினாள். வரிசையின் கடைசியில் மெழுகுவர்த்தியோடு நின்ற சவேலியைக் கண்ணால் தேடிப் பிடித்தாள்.

"கேட்டுச்சா சவேலி?"

அந்த முரட்டுக் கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். கன்றுக்குட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, கிளாவ்தியா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

வர்சனோஃபி அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நீங்க எனக்குப் பதில் சொல்லலியே."

அவள் துணியை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"இருங்க சாமி. நான் ஒம்பது வருஷம் இருந்தேன்."