கூட்டல் குறியைப் பார்

ஓரினின் தட்டில் கேக்கின் வலது பாதி மட்டும் காலியாகியிருந்தது.

"இவ்வளவுதான் வெட்டினியா மார்லிஸ்? உன் கஞ்சத்தனம் இன்னும் போகலையே!"

மார்லிஸ் தட்டைத் திருப்பி வைத்தாள். மறு பாதி வலப்பக்கம் வந்ததும், "அட, இன்னும் இருக்கே!" என்று ஓரின் சிரித்தான்.

குளிர்காலத்தில் அவனுக்கு வந்த பக்கவாதம் மூளையின் வலது மேற்புறத்தை அடித்துவிட்டது. கண்ணில் பழுதில்லை. எங்கே தேடுவது என்று ஏவுகிற இடம் போய்விட்டது. உலகத்துக்கு இடப்பக்கம் ஒன்று உண்டு என்பதே அவனுக்கு மறந்துபோனது.

மினியாபொலிஸ் பார்வை ஆய்வுக்கூடத்தில் இருவரும் மாணவர்களாக இருந்த காலம்! சோதனைக்கு ஆள் கிடைக்காவிட்டால் தாங்களே சோதனை எலிகளாவது அங்கே வழக்கம். இருட்டறை, திரை நடுவில் ஒரு கூட்டல் குறி. கண் அதை விட்டு அசையக் கூடாது. இடது கீழ் மூலையில் மூன்று சாய்ந்த கோடுகள் மின்னி மறையும். அந்த வரிசை மேலும் கீழுமாக நின்றதா, பக்கவாட்டில் படுத்ததா என்று சொல்ல வேண்டும். முதலில் ஓரினுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. பனி உருகுவதற்குள் பளிச்சென்று சொன்னான். வேறு மூலையில் காட்டினாலோ பழையபடி திருதிருவென்று விழித்தான். அந்த மூலையைப் பார்க்கிற பின்மண்டை மூளைத் துணுக்கு மட்டுமே பாடம் படித்திருந்தது.

அவனுக்கு இடப்பக்க ஸ்டூலில் மார்லிஸ், சோதனையை நடத்திப் பதில்களைக் குறித்துக்கொண்டே அவனையே பார்த்தபடி. ஆசையை அவள் சொல்லவேயில்லை. அவன் வேறொருத்தியைக் கட்டினான்; அந்த மனைவியும் போய்ச் சேர்ந்தாள்.

ஒருமுறையாவது தன்னைப் பார்த்தானா? அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். பழைய சோதனை வெறும் சாக்கு.

அவள் கொண்டுவந்த மடிக்கணினியில் அதே இடது கீழ் மூலையில் கோடுகள் மின்னின.

"ஒண்ணும் வரலையே."

அவள் அவனுக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு மின்னலுக்கும் முன்னால் அவன் இடது கையைத் தட்டினாள்.

"நிக்குது... படுத்திருக்கு... நிக்குது!"

அத்தனையும் சரி. "படிச்சதெல்லாம் பின்மண்டையில பத்திரமா இருக்கு, ஓரின். அங்க பாருன்னு சொல்ற மேஸ்திரிதான் படுத்துட்டான்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளால் முடியவில்லை. "அப்ப மேஸ்திரி நல்லாத்தானே இருந்தான்? இதே பக்கந்தானே நான் உக்காந்திருந்தேன். ஒரு தடவையாவது என்னைப் பார்த்தியா?"

"நீலத் தொப்பி. பென்சிலைக் கடிச்சுக்கிட்டே இருப்ப. ஓரக்கண்ணால தினமும் பார்த்தேன்."

"பின்ன ஏன் திரும்பல?"

"கூட்டல் குறியை விட்டுக் கண்ணை எடுத்தா உதைப்பேன்னு நீதானே சொன்ன, மண்டு!"

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி அவனுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.