டீக்கன் மட்டும் கட்சி மாறவில்லை

பந்தய ஓட்டுநர் கிளீட் பார்ஃபீல்டுக்கு இது நாலாவது கட்சி. கட்சி என்றால் காருக்குப் பணம் போடும் கம்பெனி. முதலில் மோட்டார் ஆயில், அப்புறம் மெத்தைக் கம்பெனி, அப்புறம் ஆறு வருடம் ட்வில்லி நாய்த்தீனி. இந்த வருடம் ட்வில்லியின் பரம எதிரி ப்ராக்டன் நாய்த்தீனி. நீலமாக இருந்த பந்தயக் கார் ஆரஞ்சாகியது. சட்டை மாறியது, தொப்பி மாறியது. மைக்கைக் கண்டதும் "ஆண்டவருக்கும் ப்ராக்டனுக்கும் நன்றி" என்று சொல்ல நாக்கும் பழகிவிட்டது. டீக்கன்தான் மாறவில்லை.

டீக்கன் அவன் வளர்க்கும் கிழட்டு வேட்டை நாய். தொங்கும் காதுகள், துக்க வீட்டுக்கு வந்தது போன்ற முகம். ஒப்பந்தத்தில் அதுவும் இருந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் கேமரா முன்னால் அது ஒரு கிண்ணம் ப்ராக்டன் தின்ன வேண்டும். தின்னாவிட்டால் கிளீட்டின் இருக்கையில் உட்கார ஒரு இளசு தயாராக இருந்தான். அவன் அப்பாவுக்கு ஜார்ஜியாவில் கோழிப்பண்ணைகள். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒத்திகையில் டீக்கன் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுக் கிளீட்டைப் பார்த்தது. பிறகு படுத்துக்கொண்டது. அதற்குப் பழகிய ட்வில்லியைக் கடையில் ரகசியமாக வாங்கலாமென்றால், வட கரோலினாவில் அவன் முகம் தெரியாத கல்லாக்காரி கிடையாது.

படப்பிடிப்புக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. அணியின் பெரிய லாரிக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் உட்காரலாமென்று கிளீட் நாயோடும் ப்ராக்டன் பையோடும் நடந்தான். அங்கே பழைய டயர் மேல் வெர்ன் ஸ்டக்கி உட்கார்ந்திருந்தான். கிளீட் ட்வில்லியை விட்டதும் ப்ராக்டனிலிருந்து அங்கே தாவிய ஓட்டுநர். டிவியைப் பொறுத்தவரை இருவருக்கும் ஜென்மப் பகை. வெர்னின் காலடியில் ஒரு குண்டு நாய். அதன் முன்னால் வாய் படாத ட்வில்லிப் பை.

"என்னப்பா, உன் ஆளும் உண்ணாவிரதமா?" என்றான் கிளீட்.

"ரெண்டு நாளாச்சு. எங்க வீட்டுல நான் சொன்னா யாரு கேக்குறா."

"போன வாரப் பந்தயத்துல என் வண்டிய சுவத்துல தேச்சியே, வேணும்னுதானே?"

"கம்பெனில சொன்னாங்க. கூட்டம் வருதாம். நீ டிவில என்னை எலின்னு சொன்னியே?"

"அது எழுதிக் குடுத்தது. நான் சொந்தமா யோசிச்சு யாரையும் திட்டி வருஷமாச்சுடா."

இருவரும் நாய்களைப் பார்த்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு பையை மற்றவன் நாய்ப் பக்கம் தள்ளிவிட்டார்கள். ட்வில்லி வாசம் பட்டதும் டீக்கன் எழுந்த வேகத்தை அந்த வருடம் கிளீட்டின் காரே தொட்டதில்லை.

பத்து நிமிடத்தில், ப்ராக்டன் என்று எழுதிய கிண்ணத்தை டீக்கன் கேமரா முன்னால் நக்கித் துடைத்தது. ப்ராக்டனின் விளம்பர அதிகாரி மிஸ் லோரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் பார்ஃபீல்ட், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷம் வண்டிக்கு அந்தப் பையனத்தான் மேலிடத்துல முடிவு பண்ணிருந்தாங்க. ஆனா நாய எங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு வேணும்."

கிளீட்டுக்குக் கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது. "நான் ஓட்டுற வண்டி இல்லேன்னா அது ஏறாது மேடம்," என்றான்.

அவர் தள்ளிப் போய் போனில் பேசினார். திரும்பி வந்து, "சரி, நீங்களும் இருங்க," என்றார். ஒப்பந்தத்தில் டீக்கனின் கால்தடத்துக்குக் கீழே கிளீட் கையெழுத்துப் போட்டான்.

ஞாயிறு பந்தயத்தில், கடைசிச் சுற்றில், வெர்ன் காரின் பின்பக்கம் கிளீட் காரின் மூக்குக்கு நேராக வாட்டமாக வந்தது. லேசாக ஒரு இடி இடித்தால் போதும், வெர்ன் சுவரில், கோப்பை கிளீட்டின் கையில். இன்னொரு தோல்வி வந்தால் வெர்னை ட்வில்லி வைத்துக்கொள்ளாது என்று கராஜ் முழுக்கப் பேச்சு.

வெர்னுக்கு வேலை போனால் டீக்கனுக்கு யார் சோறு போடுவார்கள்? கிளீட் காலைத் தளர்த்தினான். இரண்டாவதாக வந்தான்.

"பார்ஃபீல்டுக்கு வயசாயிடுச்சு," என்றார் டிவியில் ஒருவர்.

கிளீட் மைக்கை வாங்கி, ஆண்டவருக்கும் ப்ராக்டனுக்கும் நன்றி சொன்னான். வெர்னையும் ஒருமுறை எலி என்றான். அப்புறம் ப்ராக்டன் பையைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் நடந்தான்.