சீட்டியின் விமானம்

இறங்கும்போது மட்டும் அந்தப் போர் விமானத்துக்குள் யாரோ சீட்டியடித்தார்கள். உயரத்தில் பறக்கும்போது இல்லை. தரையில் நிற்கும்போதும் இல்லை.

"காதுக்குப் பின்னாலயே கேக்குதுண்ணே. அவர்தான். எடத்தைக் காலி பண்ண மாட்டேங்குறார்," என்றான் புதிய விமானி.

யாரைச் சொல்கிறான் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். முன்பு அதை ஓட்டியவனுக்குப் பட்டப்பெயரே சீட்டி. கடல் தாண்டிச் சண்டைக்கு வந்து, மீசை ஒழுங்காக அரும்புமுன் போய்ச் சேர்ந்தவன். இறங்கும்போதெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே வருவான். "அண்ணே, உங்க வண்டியில ஒரு கீறல் கெடையாது. பத்திரமாத்தான் ஓட்டுறேன்னு எங்கம்மாகிட்ட நீங்கதான் சாட்சி சொல்லணும்!" என்பான். கடைசித் தடவை தோளில் குண்டு வாங்கிக்கொண்டு, பூப்போல இறக்கிவிட்டு, இருக்கையிலேயே கண்ணை மூடினான். வார்ப்பட்டையை அவிழ்த்து அவனைத் தூக்கியவர் மெக்கானிக்தான்.

பேய் உண்டா இல்லையா என்பதல்ல அவர் கவலை. தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைத் திறந்துவைத்துத்தான் இறங்க வேண்டும். மூடியபடி இறங்கி விமானம் தீப்பிடித்தால், மூடி சிக்கிக்கொள்ளும்; உள்ளேயே வெந்து சாக வேண்டியதுதான். புதியவனோ பயத்தில் மூடியபடியே இறங்க ஆரம்பித்திருந்தான்.

"தம்பி, இன்னொருத்தரை நான் தூக்க மாட்டேன். மூடியைத் திறங்க."

"திறந்தாத்தானேண்ணே அவர் வர்றார்!"

திறந்தால்தானா? மெக்கானிக் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். திறந்தால் உள்ளே வருவது காற்று. உயரத்தில் மூடி சாத்தியிருக்கும். தரையில் எஞ்சினை முடுக்கினாலும் காற்று வரும், ஆனால் இரைச்சல் மற்றதை விழுங்கிவிடும். இறங்கும்போது மட்டும்தான் எஞ்சின் அடங்கியிருக்கும், காற்றும் வேகமாக அடிக்கும்.

எஞ்சின் ஓடாமல் விமானம் நின்றபோது, மூடியைத் திறந்து, டயருக்குக் காற்றடிக்கும் குழாயை இருக்கைக்குப் பின்னால் நீட்டினார். சீட்டி எழுந்தது. புதியவன் இறக்கையிலிருந்து குதித்தே விட்டான்.

செத்த பையனின் உடம்பில் குண்டு இல்லை என்று அன்றே டாக்டர் சொல்லியிருந்தார். அப்புறம் அது எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. சீட்டி வந்த இடத்தைப் பார்த்ததும் புரிந்தது: பையனைத் துளைத்த குண்டு, இருக்கையைத் தாங்கும் இரும்புக் குழாயையும் ஒருபக்கம் துளைத்து, உள்ளேயே தங்கியிருந்தது. பாட்டில் வாயின் குறுக்கே ஊதினால் ஒலிப்பதுபோல, அந்தத் துளையின் குறுக்கே காற்று போனதும் குழாய் ஒலித்தது.

"அதான் தெரிஞ்சுபோச்சே, நிறுத்துங்கண்ணே!"

மெக்கானிக் உடனே நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

பிறகு அந்தக் குழாயைக் கழற்றி, துளையில்லாத வேறொன்றைப் பொருத்தினார். புதியவன் மூடியைத் திறந்துகொண்டு இறங்கினான். காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது.