நாலு அங்குல இடைவெளி

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பிழைப்பே அதுதான். பாடுகிறவர் உதட்டை நனைத்துக்கொள்வதும் கேட்கும், அவர் கைக்கடிகாரத்தின் முள் ஓடுவதும் கேட்கும். அடுத்தவர் பேசுவது மட்டும்தான் கேட்காது என்பாள் என் மனைவி சுஷ்மா. அதையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பதினாறு வருஷம் டவுன்ஹால் ரோட்டில், ஒரு லாட்ஜ் மாடியில் வாடகை அறை எடுத்து ரெக்கார்டிங் ஸ்டூடியோ நடத்தினேன். கீழே பஸ் ஹாரன் அடித்தால் மேலே அம்மன் பாட்டில் அதுவும் சேர்ந்துகொள்ளும். போதும்டா சாமி என்று வண்டியூரில், தெப்பக்குளத்துக்குக் கிழக்கே அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையில் சொந்தமாகக் கட்ட இறங்கினேன்.

கட்டியவர் தங்கப்பாண்டி. சோழவந்தான்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்த மேஸ்திரி. அவருக்கு முன்னால் மூன்று மேஸ்திரிகளிடம் பேசிப் பார்த்தேன். எனக்கு வேண்டியது அறைக்குள் ஓர் அறை. வெளிச்சுவர் ஒன்று, உள்சுவர் ஒன்று, நடுவில் நாலு அங்குல இடைவெளி. இரண்டும் எந்த இடத்திலும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நடுவில் ஒரு செங்கல் துண்டு கிடந்தாலும் வெளிச்சத்தம் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கப்பாண்டி மட்டும் தரையில் குச்சியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சம்பந்தி வீடு மாதிரி. பக்கத்துலயும் இருக்கணும், ஒட்டவும் கூடாது. அம்புட்டுத்தான தம்பி?"

அம்புட்டுத்தான். அதை அவர் என்னைவிடப் பிடிவாதமாகக் காப்பாற்றினார். தினமும் சாயங்காலம் ஆட்கள் கைகால் கழுவும்போது, இவர் டார்ச் லைட்டைக் கயிற்றில் கட்டி இரண்டு சுவருக்கும் நடுவில் இறக்குவார். உள்ளே கலவை சிந்திக் கிடந்தால் கம்பியை வளைத்து விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சட்டை போடுவார். பார்க்க எனக்கே சில நாள் எரிச்சலாக இருக்கும். வீட்டுக்குப் போக வேண்டாமா மனுஷன்?

சுவர் தளமட்டத்துக்கு வந்த அன்று, டீ குடித்துக்கொண்டே கேட்டார். "இதுக்குள்ள பேசுனா எப்பிடித் தம்பி கேக்கும்?"

"முதல்ல நீங்கதான் பேசப் போறீங்க. இந்த ரூம்ல பதிவாகிற முதல் குரல் உங்களோடதுதான். யார் கட்டினதுன்னு உங்க வாயாலயே சொல்லணும்."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து சாரத்தில் நின்றபடியே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார். "வணக்கம். நான் சோழவந்தான் தங்கப்பாண்டி பேசுறேன். இந்தக் கட்டடம் நான் கட்டுனது." கலவை தூக்குகிற பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். "பேசுறேன் வேணாமா, சொல்றேன்னு சொல்லவா தம்பி?" என்று என்னிடம் யோசனை கேட்பார். காலேஜில் படிக்கும் மகள் மீனாவிடமும் சொல்லி, ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்றார்.

தை மாசம் வாசல் நிலை வைத்தோம். அப்பா ராஜாராமன் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் குறித்துக் கொடுத்தார், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று. வெளிச்சுவருக்கு ஒரு நிலை, உள்சுவருக்கு ஒரு நிலை. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை வர வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து அது வந்து சேரவில்லை. சுஷ்மா நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து தயாராக நின்றாள்.

தங்கப்பாண்டி தயங்கினார். "வெளி நிலைய மட்டும் இன்னைக்கு நிறுத்துவோம் தம்பி. உள் நிலைக்குச் சாமி கும்பிட்டுச் சாத்தி வைப்போம். ரப்பர் வரட்டும்."

"அடுத்த முகூர்த்தம் மூணு வாரம் கழிச்சு. அதுவரைக்கும் வேலை நிக்கணுமா? நடுவுல ஆப்பு வச்சு நிறுத்துங்க. ரப்பர் வந்ததும் எடுத்துடலாம்."

"நிறுத்தலாம். ஆனா மறந்துருவோம்."

மணி பத்து இருபது. எனக்குக் கோபம் வர அவ்வளவு நேரம் தேவையில்லை. அவர் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, இரண்டு வேப்பமர ஆப்புகளிலும் 'எடுக்கணும்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். "இப்ப மறக்குமா?" அவர் வாங்கி அடித்தார். நல்ல நேரத்துக்குள் நிலை நின்றது. அப்பாவுக்குத் திருப்தி, எனக்கும்தான்.

மாசிக் களரிக்குத் தங்கப்பாண்டி குடும்பத்தோடு குலசாமி கோயிலுக்குப் புறப்பட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, போகாமல் இருக்க முடியாது. "ஒரு வாரத்துல வந்துருவேன். வாசப்பக்கம் மட்டும் மூடிராதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த வாரம் பார்த்து, மரப்பலகை அடிக்கிற ஆட்கள் தங்களுக்கு அந்த ஐந்து நாள்தான் ஒழியும் என்றார்கள். ரப்பரும் வந்துவிட்டது. நான் ரப்பரை அவர்களிடம் கொடுத்து, வாசலையும் சேர்த்து மூடச் சொல்லிவிட்டு, டவுன்ஹால் ரோட்டில் ஒரு பக்திப் பாடல் வேலையை முடிக்க ஓடினேன். கூட நிற்கவில்லை.

திரும்பி வந்த தங்கப்பாண்டி மொட்டைத் தலையோடு வாசலைத் தடவிப் பார்த்தார்.

"ஆப்ப எடுத்துட்டாகளா தம்பி?"

நான் போனில் இருந்தேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எல்லாம் எடுத்தாச்சுண்ணே" என்றேன்.

"நீங்க பாத்தீகளா?"

"பார்த்தேன்."

பார்க்கவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பேச்சை முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசியில் அறை முடிந்தது. சத்தம் உள்ளே வருகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு நாள் வைத்தேன். தொழிலில் இருக்கிற நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டிருந்தேன், கொஞ்சம் பீற்றிக்கொள்ளத்தான். தங்கப்பாண்டி தேய்த்த சட்டையில் வந்திருந்தார். மீனாவும் வந்திருந்தாள். நடுவில் மைக்கை வைத்து, பதிவை ஓட விட்டு, ஹெட்போனை மாட்டினேன். தங்கப்பாண்டி மைக்கைப் பார்த்து ஏதோ ஆரம்பித்தார். கையைக் காட்டியபடி நிறுத்தச் சொன்னேன்.

முதல் ஒரு நிமிஷம் கிணற்றுக்குள் இருப்பதுபோல் அமைதி. பிறகு பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டார்கள். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. ஒரு நண்பர் இன்னொருவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். போதாதா எனக்கு?

என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. கலவையைச் சுவருக்கு நடுவில் கொட்டி மூடிவிட்டதாகச் சொன்னேன். டார்ச் அடித்ததெல்லாம் வேஷம் என்றேன். இரண்டு வருஷத்தை மண்ணாக்கிவிட்டீர் என்றேன். அவர் குறுக்கே குறுக்கே என்னவோ சொல்ல வந்தார். வாயைத் திறக்காதீங்க என்றேன். அவருடைய ஆட்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். மீனா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கரண்டியையும் மட்டப்பலகையையும் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, அவளோடு நடந்து போனார்.

அதோடு விட்டேனா? வீடு கட்டுகிறவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில், சோழவந்தான் தங்கப்பாண்டியை நம்பி வேலை கொடுக்காதீர்கள் என்று போட்டேன். கட்டைவிரல் தூக்கி நிறையப் பேர் நன்றி சொன்னார்கள்.

சித்திரையில் கிரகப்பிரவேசம். மோட்டார் ஓடாத நேரம் பார்த்து வேலை செய்துகொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஹோமம் முடிந்ததும் வாத்தியார், "மேஸ்திரியைக் கூப்பிடுங்கோ" என்றார். கட்டியவருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, வாசலில் நிறுத்தி மரியாதை செய்துவிட்டுத்தான் வீட்டுக்காரன் குடிபோவது. வேட்டி போன மாசமே வாங்கியிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார்.

"எங்கடா தங்கப்பாண்டி?"

"வரலை."

"வரலையா, நீ கூப்பிடலையா?"

வாத்தியார் தட்டைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போனார். சுஷ்மா என் பக்கமே திரும்பவில்லை.

வைகாசியில் பவதாரிணி என்றொரு பெண், பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிவு செய்ய வந்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள். "சார், வாசல் பக்கம் வண்டு மாதிரி ஏதோ கத்துது. சுவத்துல இல்ல, வாசல்ல." சின்னப் பெண், புதுக் காது. நான் இத்தனை நாள் சுவர்மேலேயே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆளை வைத்து வாசல் ஓரப் பலகையைப் பிரித்தேன். ரப்பர் பட்டையை அழகாக வெட்டி, ஆப்பு இருந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் ஒட்டியிருந்தார்கள். அதற்கு மேல் பலகை. இரண்டு நிலைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என் கையெழுத்து நின்றது. எடுக்கணும். எடுக்கணும்.

சுத்தியலால் தட்டினோம். இரண்டாவது ஆப்பு விழுந்ததும் மோட்டார் முனகல் நின்றது. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே நின்றிருந்த சுஷ்மாவுக்குக் கேட்கவில்லை. சுவர் அப்படி.

இரண்டு ஆப்பையும் வேட்டிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு சோழவந்தான் போனேன். வீட்டில் மீனா இருந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. "அப்பா கொடிக்கால்ல இருக்காரு" என்று கையை மட்டும் காட்டினாள். வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவில் தங்கப்பாண்டி நாரை வாயில் கவ்விக்கொண்டு கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாரை எடுத்துவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்க சார்."

இரண்டு வருஷம் தம்பி. இப்போது சார்.

"ஏண்ணே, இங்க?"

"டவுன்ல யாரும் கூப்பிடல சார். பேசி வச்சிருந்த ரெண்டு வீட்டுக்காரவுகளும் வேற ஆளப் பாத்துக்கிட்டாக. நம்மகிட்ட வேல பாத்த பசங்க திருப்பூருக்குப் போயிட்டாய்ங்க." குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

ஆப்புகளை நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தார். பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"தப்பு என்னோடதுண்ணே. குழுவுலயும் போட்டுடறேன், என் தப்புன்னு. நீங்க வரணும். வேட்டியை வாங்கிக்கணும். மைக்ல உங்க பேரைச் சொல்லணும்."

"குழுவுல போடுங்க சார். பசங்க திரும்பி வந்தா அவய்ங்களுக்கு ஆகும்." ஆப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். "வேட்டிய வாசல்ல வச்சு, நாலு பேரு பாக்க வாங்கணும். கொடிக்கால்ல வச்சு வாங்குனா அது என்ன மரியாத? கொண்டு போயிருங்க."

"வாசல்லயே வச்சுக் கொடுக்கறேன். எல்லாரையும் கூப்பிடறேன். அன்னிக்கு நின்ன அத்தனை பேரையும்."

"மீனா அன்னைக்கு வந்திருந்தா சார்." குனிந்து அடுத்த கொடியைக் கையில் எடுத்தார். "மைக்ல சொல்றதுக்கு இனிமே என்ன இருக்கு? அன்னைக்கே சொல்லிட்டேன். மைக்குக்கு முன்னாடி நின்னுதான சொன்னேன். நீங்க கேக்கல."

வண்டியை எடுத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அது ஓடிக்கொண்டே இருந்தது. மைக்குக்கு முன்னால். அன்றைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது, நான் நிறுத்தவே இல்லை. கோபத்தில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, பதிவைத் திரும்பக் கேட்காமலே விட்டிருந்தேன்.

வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அதைத் தேடி எடுத்தேன். பதினொரு நிமிஷம். என் குரல் காட்டுக் கத்தலாகப் போகிறது. அதற்கு அடியில், வார்த்தை பிசகாமல், அவர் குரல். "தம்பி, ஆப்பு இருக்கும். வாசல்ல ஆப்பு இருக்கும் தம்பி. ஒருக்கா அதத் தட்டிப் பாருங்க." மூன்று தடவை சொல்கிறார். மூன்று தடவையும் நான் மேலே கத்துகிறேன். கடைசியில் மீனா, "வாங்கப்பா, போவோம்" என்கிறாள். இவ்வளவு துல்லியமாக இதுவரை நான் எதையும் பதிவு செய்ததில்லை.

குழுவில் என் தப்பை எழுதிப் போட்டேன். அதற்கு இரண்டே பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். வேட்டிப் பொட்டலம் இன்னும் ஸ்டூடியோ அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்கள் அறையின் அமைதியைப் பாராட்டி, யார் சார் மேஸ்திரி என்று கேட்கிறார்கள். பேரைச் சொல்கிறேன், சோழவந்தான் என்று ஊரையும் சொல்கிறேன்.

அந்தப் பதிவை அழிக்கவில்லை. இந்த அறையில் பதிவான முதல் குரல் அவருடையதுதான், நான் வாக்குக் கொடுத்தபடியே. மோட்டார் போடுவதற்கு முன்னால், தொண்டையைச் செருமிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்கிறார்.

"வணக்கம். நான் சோழவந்தான்..."

"பேசாதீங்கண்ணே" என்கிறது என் குரல்.