தடுப்பூசி அட்டையில் இருந்த பெயர்

ஈஸ்டர் முடிந்த அடுத்த திங்கட்கிழமை முதல் டோல்னி பிரியாக் ஊரில் நாய்க்கும் பூனைக்கும் வந்த நோய்கள் அவற்றை வளர்த்தவர்களுக்கும் வந்தன. முதலில் தெரிந்தது பல் மருத்துவர் கிரோ சாபேவ் வீட்டில்தான். அவருடைய பூடில் நாயின் வாயைப் பதினோரு வருடமாக யாரும் திறந்து பார்த்ததில்லை. அன்று காலை சாபேவின் வாயிலிருந்து கிளம்பிய நாற்றம் தாங்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி எழுந்து ஓடினார். புதன்கிழமைக்குள் சாபேவின் கடைவாய்ப் பற்கள் நான்கும் ஆடத் தொடங்கிவிட்டன. பேக்கரிக்காரி ஸ்தோயாங்கா தன் பக் நாய்க்குத் தினமும் வெண்ணெய் சொட்டும் பானித்சாப் பலகாரத்தை முழுசாக ஊட்டி, அது மூச்சிரைப்பதைப் பார்த்துச் சிரிப்பவள். இப்போது கடை வாசலிலிருந்து அடுப்புக்குப் போவதற்குள் அவளே இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. வங்கியில் வேலை பார்த்த ஒருவன் தன் ஸ்பானியலைப் பத்து மணி நேரம் தனியாகப் பூட்டி வைப்பான், கதவைப் பிறாண்டியதற்காகச் சாயங்காலம் அதைச் செருப்பால் அடிப்பான். மேலாளர் அவனை அறையில் தனியாக விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போன சற்று நேரத்துக்கெல்லாம் அவன் ஊளையிட்டுக்கொண்டே கதவைப் பிறாண்டி இரண்டு நகங்களைப் பெயர்த்துக்கொண்டான். டானூப் ஆற்றில் நீர்மட்டம் அந்த வாரம் ஒரு முழம் ஏறியது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

ஊரின் ஒரே கால்நடை மருத்துவர் ராய்னா கோலேவா இதில் ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் ஏன் தாமதம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இருபத்தேழு வருடமாகத் தன் மேஜைக்கு வந்த எந்த விலங்கையும் அவள் வெறுத்ததில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைத்தான் வெறுத்தாள். பூனைக்குத் தலைவலி மாத்திரை கொடுத்துக் கொன்றவர்கள், காதில் சீழ் வழியும் நாயைத் தலையாட்டப் பழக்கியிருப்பதாகப் பெருமை பேசியவர்கள், பயத்தில் கடிப்பதை வீரம் என்று சொன்னவர்கள். தன் கால்நடை மருத்துவமனைக்கு மேலேயே தனியாகக் குடியிருந்த அவள் வீட்டில் ஒரு குருவிகூட இல்லை. விலங்கு ஒன்றை வளர்த்தால் அதன் பின்னாலேயே மனிதர்களும் வந்துசேர்ந்துவிடுவார்கள் என்பது அவள் கணிப்பு.

நோய் யாருக்கு வரும் என்பதையும் ஒரே வாரத்தில் அவள்தான் கண்டுபிடித்தாள். குடும்பத்தில் எல்லோருக்கும் வருவதில்லை. தடுப்பூசி அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும். இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே வரிசை கட்டி வந்து நின்றார்கள், நாயைக் காட்ட அல்ல, அட்டையை மாமியார் பெயருக்கு மாற்ற. நாயைக் காட்டில் விட்டு வந்தவன் ஒருவன் மூன்று தட்டு இறைச்சி தின்றும் பசியில் துடித்து, ஞாயிற்றுக்கிழமை விசிலடித்து நாயைக் கூப்பிட்டுக்கொண்டே காட்டுக்குள் ஓடினான். ராய்னா அட்டை எதையும் மாற்றவில்லை. "நாயைக் கூட்டிட்டு வாங்க, காதைக் கழுவி விடறேன். உங்க மாமியார் காதை நான் தொடமாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெலிச்கோ தாசேவ் அந்த வரிசையில் நிற்கவில்லை, ஏனென்றால் அவர் எதையும் நம்பவில்லை. ஆற்றின் எல்லைப் பாலத்தில் முப்பது வருடம் சுங்க அதிகாரியாக நின்று, எந்த லாரியில் என்ன இருக்கிறது என்பதை ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தே சொல்லி, அந்தத் திறமையால் மூன்று மாடி வீடும், மைத்துனன் பெயரில் ஒரு படகும், வெள்ளைத் தோல் சோபா ஒன்றும் சேர்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். அவருக்குப் பாஷா என்று ஒரு செம்பட்டைக் கடுவன் பூனை இருந்தது. அதற்கு உணவு போட்டது, அது மலசலம் கழிக்கும் மண் தட்டைக் கழுவியது எல்லாம் மனைவி பாவ்லினா; அட்டையில் பெயர் மட்டும் வெலிச்கோவுடையது, ஏனென்றால் படகைத் தவிர அந்த வீட்டில் எந்தக் காகிதத்திலும் வேறு பெயர் எழுதப்பட்டதில்லை.

மே மாதக் கடைசியில் பாஷா மண் தட்டுக்கு ஒரு மணி நேரத்தில் ஆறு முறை போய் வந்தது. குளியல் தொட்டியில் குந்தி முக்கியது. பிறகு வெள்ளைச் சோபாவில் ஏறி, இளஞ்சிவப்பாக நான்கு சொட்டு விட்டது. பாவ்லினா அலறியடித்துத் தொலைபேசியில் அழைத்தாள். ராய்னா உடனே கொண்டுவரச் சொன்னாள். அதற்குள் கணவர் தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

"டாக்டரம்மா, இது நோயில்ல, திமிரு. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேஞ்சுது."

"வலியில பேஞ்சிருக்கு. மண் தட்டுதான் வலிக்க வைக்குதுன்னு நெனச்சு வேற எடம் தேடுது. ஆம்பளப் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைச்சா ரெண்டு நாள்தான் உயிரு."

"முப்பது வருஷம் பொய்யி பாத்தவன் நான். யாரு நடிக்கிறான்னு எனக்குத் தெரியாதா?"

"லாரிக்காரன் நடிப்பான். பூனை எதுக்கு நடிக்கணும், உங்ககிட்ட என்ன கடத்தப்போவுது?"

அவர் தொலைபேசியை வைத்தார். பூனையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தார். சோபாவை வினிகர் போட்டுத் துடைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு ராக்கியாச் சாராயம் குடிக்கப் போனார்.

வியாழக்கிழமை விடிந்தபோது வெலிச்கோவுக்குச் சிறுநீர் வரவில்லை. பத்து மணிக்கு வயிறு கல்லானது. பதினோரு மணிக்கு ஊர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் குழாய் செருகப் பார்த்தார். ஸ்கேன் படத்தில் சிறுநீர்ப் பாதை சுத்தமாகத்தான் தெரிந்தது. ஆனால் எந்த அளவுக் குழாயும் ஒரு விரற்கடைக்கு மேல் போகவில்லை. வயிற்றின் மேலிருந்து ஊசி போட்டு இழுத்தார்கள், ஊசி காலியாகவே வந்தது. வேறு ஊர்களிலிருந்து வந்த மருத்துவர்களாக இருந்தால் பெரிய நகரத்துக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் அதே ஊர்க்காரர், அவருடைய தாயாருக்கு ஏற்கெனவே நாயின் சொறி வந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, "ஐயா, உங்க பூனை எங்க?" என்று கேட்டார்.

எங்கே என்பது யாருக்கும் தெரியவில்லை. வெலிச்கோவின் பழைய சகாக்கள் எட்டுப் பேர் வந்து, தெருத்தெருவாகத் தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு "பாஷா, பாஷா" என்று கத்தினார்கள். அடைபட்ட பூனை சத்தத்துக்கு எதிர்ப்பக்கம்தான் போகும் என்பது, வாழ்நாள் முழுக்க ஒளித்ததைத் தேடியே சம்பாதித்த அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராய்னா மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு பாவ்லினாவுடன் வீட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கினாள். நோய்ப்பட்ட பூனை தூரம் போகாது, இருட்டும் குளிர்ச்சியுமான இடம் பார்க்கும்.

ஆற்றங்கரைக் கொட்டகையில் தார்ப்பாய் மூடிய படகின் முன் பாவ்லினா நின்றுவிட்டாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க."

"நாம கொஞ்சம் மெதுவாத் தேடினா என்ன ஆவும்?"

ராய்னா அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது, வினிகரில் வெந்துபோன விரல்கள். இத்தனை வருடம் அவளைக் கயிற்றின் மறுமுனையில் நிற்கும் இன்னொரு முட்டாளாக மட்டுமே ராய்னா எண்ணியிருந்தாள்.

"ரெண்டு பேரும் செத்துருவாங்க," என்றாள். "பூனை முதல்ல."

"ஐயோ, அப்ப ஏன் நிக்கிறீங்க!" என்று பாவ்லினா தார்ப்பாயை இரண்டு கையாலும் பிய்த்தாள்.

பாஷா கயிற்றுச் சுருளுக்குள் கிடந்தது. வாந்தியெடுத்திருந்தது, காதுகள் சில்லிட்டிருந்தன. வயிற்றுக்குள் எலுமிச்சை அளவில் கெட்டியாக ஒன்று. பாவ்லினா தன் பின்னல் சட்டையைக் கழற்றிச் சுற்றி, ஊருக்கு நடுவே உள்சட்டையோடு ஓடினாள். நாற்பது வருடம் அவளைக் கடைக்குக்கூடத் தலைத்துணியில்லாமல் பார்த்திராத ஊர் வாய் பிளந்து நின்றது.

தன் மருத்துவமனை மேஜையில் ராய்னா பூனைக்கு மயக்க ஊசி போட்டாள். அதே நொடியில் அங்கே ஊர் மருத்துவமனையில் வெலிச்கோ, செவிலியின் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்தவர், பாதி வார்த்தையில் குறட்டைக்குப் போனார். ராய்னா மெல்லிய குழாயை நுனியில் வைத்து உப்புநீரைச் சிறிது சிறிதாக அழுத்தினாள். நுனியில் மணலும் சளியும் சேர்ந்த ஓர் அடைப்பு, அரிசியில் பாதி. பதினைந்து நிமிடம் அசையவில்லை. பாவ்லினா பூனையின் தலையைப் பிடித்துக்கொண்டு, "போயிரு கண்ணு, போயிரு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். பிறகு அது நகர்ந்தது. கறுஞ்சிவப்பாகத் தட்டு நிறைந்தது. பாவ்லினா மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊர் மருத்துவமனையில் யாரும் தட்டு வைத்திருக்கவில்லை. பாதிரியார், மைத்துனன், எட்டுச் சகாக்கள் கட்டிலைச் சுற்றி நின்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வெலிச்கோ உறக்கத்திலேயே பெய்யத் தொடங்கி, நிறுத்தவே இல்லை. பாதிரியாரின் அங்கி முழங்கால் வரை நனைந்தது. மகிழ்ச்சியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் வெலிச்கோ எழுந்து நடந்தவுடன் செய்த முதல் காரியம் நோட்டரியிடம் போனது. முத்திரை குத்திய ஒரு தாளைக் கொண்டுவந்து ராய்னாவின் மேஜையில் வைத்தார். பூனை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை; அது அங்கேயே கூண்டில் குழாயோடு படுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இனிமே இது என் பூனை இல்ல. யாராச்சும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கணும். இல்லன்னா ஊசி போட்டு அனுப்பிருங்க."

"திரும்ப அடைக்கும், தெரியுமில்ல? ஒருதடவ வந்தா மறுபடி வரும்."

"அதான் சொல்றேன்."

ராய்னா தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அட்டையிலும் அவர் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். அவர் வாசலைத் தாண்டும்போது, "வினிகர் வாடை போகலன்னா சோபாவையும் கொண்டுவாங்க, அதுக்கும் ஊசி போடறேன்" என்றாள். வீட்டில் பூனை வளர்க்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை. அந்த மனிதர் அதற்கு மேல் ஒரு நிமிடம் தன் எதிரில் நிற்பதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். ஊரில் இப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

பாஷாவுக்கு ஈரமான உணவு, மூன்று இடத்தில் தண்ணீர், இரண்டு மண் தட்டு, ஏறி உட்கார ஜன்னலோரம் ஒரு பலகை என்று அவள் வீடு மாறியது. பாவ்லினா செவ்வாய்க்கிழமைதோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியோடு வருவாள். கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். இரண்டு பெண்களும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வெலிச்கோ நோயே வராத பிராணி என்று தன் பெயரில் ரசீது போட்டு மீன் தொட்டி வாங்கி வைத்தார். புத்தாண்டுக்குள் மீன்களுக்கு வந்தது மாதிரியே அவர் உடம்பெல்லாம் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்து, சட்டை போட முடியாமல் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். ஊரில் மற்றவர்கள் நாய்க்குப் பல் துலக்கவும், பூனையின் எடை பார்க்கவும் பழகிக்கொண்டார்கள். அன்பினால் அல்ல என்று ராய்னாவுக்குத் தெரியும். நாயின் பல் வெளுத்தால் போதும் என்று அவள் அதையும் ஏற்றுக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு முற்பகல், குதிரை ஒன்றுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தபோது ராய்னாவுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று எரிந்தது. எதிர்பார்த்ததுதான். மேலே போய்ப் பார்த்தாள். பாஷா தட்டில் குந்தியிருந்தது. அடைப்பில்லை, சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. மருந்தைக் கொடுத்துவிட்டு அவள் கீழே வந்தபோது தொலைபேசி அடித்தது.

"டாக்டரம்மா, நான் பாவ்லினா." குரல் தணிந்திருந்தது. "பாஷாவுக்கு மறுபடி வந்துருச்சா?"

"எப்படித் தெரியும்?"

"எனக்குக் காலையிலேர்ந்து எரியுது."

ராய்னா அட்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் இருந்தது தன் பெயர் ஒன்றுதான்.  பேனாவை எடுத்துத் தன் பெயருக்குக் கீழே பாவ்லினாவின் பெயரையும் எழுதினாள்.

"எனக்கும்தான் எரியுது," என்றாள். "பயப்படாதீங்க, அடைக்கல. நீங்க நெறையத் தண்ணி குடிங்க. நான் இங்க குடிக்கிறேன். சாயங்காலம் நம்ம மூணு பேருக்கும் சரியாயிரும்."