கல்யாண வீட்டுக்குப் போன மருந்து

கேதீஸ்வரி பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஊசி மருந்து இல்லை. தங்கநிறக் கடதாசியில் சுற்றிய சொக்லட்டுகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி அட்டை. அட்டையில் ‘சப்னா – அப்ஹாம்’ என்று அச்சடித்திருந்தது.

“இஞ்சாருங்க,” என்று புருசனைக் கூப்பிட்டாள். “என்ட மருந்துக்கு ஆரோ கல்யாணம் முடிச்சு வைச்சிட்டாங்க.”

அருமைநாயகம் வந்து எட்டிப் பார்த்தான். நாவற்குடாவில் வாவிக்கரையோரம் ஐஸ் டிப்போ வைத்திருப்பவன். மீன் லொறிகளுக்கெல்லாம் ஐஸ் அவனிடமிருந்துதான் போகும். ஏறாவூர் முகைதீன்பாவாவின் லொறி மீனோடு கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது, கேதீஸ்வரியின் தங்கை அங்கே கிளினிக்கில் எடுத்துக் கொடுக்கும் மருந்தை ஐஸ் போட்ட வெள்ளைப் பெட்டியில் கொண்டுவரும். மாதத்துக்கு நான்கு ஊசி. இரண்டு வருசமாக ஒரு தவறும் நடந்ததில்லை. இன்றைக்கு முகைதீன்பாவாவின் மகளுக்குக் கல்யாணம். விடியக் காலை வந்த லொறியில் கல்யாணச் சாமானும் அதே மாதிரி வெள்ளைப் பெட்டிகளில் இருந்திருக்கிறது. பெட்டி மாறிவிட்டது.

கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து வீட்டு நேர்ஸ் தக்ஷாயினி மிஸ்ஸிதான் வந்து ஊசி போட்டுவிடுவாள். இந்த வாரம் மிஸ்ஸி பயிற்சிக்கென்று கண்டிக்குப் போய்விட்டாள். ஆகவே இன்று கேதீஸ்வரி தானே தனக்குப் போட வேண்டும். அதை நினைத்து விடிந்ததிலிருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை மண்டபத்துக்குப் போன பிள்ளையிடம் வினாத்தாள் வரவில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

வெட்கக்கேடு என்னவென்றால், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் பதின்மூன்று வருசம் வேலை செய்தவள் அவள். எலிக்கும் தவளைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடுவாள். அந்த ஆய்வுகூடத்தில்தான் இந்த ஊசிக்குக் காரணமான வருத்தமும் முதலில் தலைகாட்டியது. கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த மாதம், தட்டில் வைத்த ஒரு தவளை இரண்டாகத் தெரிந்தது. பிறகு இடதுகால் விறைத்தது. சுனாமிப் பயம் என்றார்கள் எல்லாரும். அன்றைக்கு அவள் கடலைக் கண்ணாலும் காணவில்லை, வந்தாறுமூலையில் சின்னம்மா வீட்டில் இருந்தாள் என்று சொன்னாலும் கேட்க ஆளில்லை. நூல் கட்டினார்கள், மந்திரித்தார்கள். இரண்டு வருசம் கழித்துக் கொழும்பில் ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர்தான் மல்டிபிள் ஸ்க்ளரோசிஸ் என்று பெயர் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய படையே நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிறது, முற்றாகச் சுகமாக்க வழியில்லை, ஆனால் இந்த ஊசியை விடாமல் போட்டால் அடிக்கடி வராமல் தடுக்கலாம் என்றார். “வயர்ட பிளாஸ்டிக்கை எலி கடிச்ச மாதிரி,” என்று அருமைநாயகம் ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னான். எலிகளுக்கு இவ்வளவு ஊசி போட்டதற்கு அவை பழி வாங்குகின்றன என்று கேதீஸ்வரி சேர்த்துக்கொண்டாள்.

“சிரிக்காத புள்ள,” என்றான் அருமைநாயகம். “கல்யாண வீட்டில வட்டிலாப்பம் வைக்க, ஐஸ்கிரீம் வைக்க எண்டு பெரிய பிரீசர் ஒண்டு வாடகைக்கு எடுத்தவங்க. ஐஸ் நான்தான் குடுத்தனான்.”

அவள் சிரிப்பு நின்றது. அந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் நான்கு ஊசியும் குப்பைக்குத்தான்.

முகைதீன்பாவாவுக்கு ஏழு தரம் போன் எடுத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகளின் கல்யாணத்தில் எந்த வாப்பா போன் எடுப்பார்? அருமைநாயகம் மோட்டார் சைக்கிளை வெளியில் எடுத்தான். கேதீஸ்வரி சொக்லட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். வெயில் ஏறினால் அவளுடைய கால் சொன்னபடி கேட்காது என்பதால், அவன் துவாயில் ஐஸ் சுற்றி அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டுவிட்டான். தண்ணீர் முதுகில் வழிய, கூச்சம் தாங்காமல் அவள் மறுபடியும் சிரிக்கத் தொடங்கினாள்.

“நம்மட மருந்து உறையப்போகுது, அவங்கட சொக்லட் உருகப்போகுது. எது முந்தும்?” என்று அவன் காதுக்குள் கேட்டாள்.

“பேசாம இரு. எனக்குக் கை நடுங்குது.”

“ஊசி எனக்கு. கை நடுக்கம் உங்களுக்கா?”

யுத்தம் முடிந்து இரண்டு மாதம்தான். சோதனைச் சாவடிகள் இன்னும் இருந்தன. பட்டணம் தாண்டிய பிறகு ஒரு சாவடியில் மறித்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைக் காட்டினான். ஊசிகளோடு போகும்போது காட்டவென்று டொக்டர் சிங்களத்தில் எழுதிக் கொடுத்த கடிதம் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். பழக்கதோசத்தில் அதை எடுத்து நீட்டிவிட்டாள். சிப்பாய் ஒரு வரி விடாமல் வாசித்தான். நரம்பு வருத்தம், வாரம் ஒரு ஊசி, குளிரில் வைக்க வேண்டும். பிறகு மூடியைத் திறந்தான்.

நெடுநேரம் சொக்லட்டுகளைப் பார்த்தபடி நின்றான்.

“மே பெஹெத்த?” என்று கேட்டான். இதுதான் மருந்தா என்று.

கேதீஸ்வரி தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கல்யாணம், லொறி, பெட்டி மாறிவிட்டது என்று விளக்கப் போனாள். ‘என் கல்யாணம்’ என்று வாய் தவறிவிட்டது. சிப்பாய் அருமைநாயகத்தின் வழுக்கைத் தலையைப் பார்த்தான், அவள் கழுத்தில் சொட்டும் துவாயைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். போகலாம் என்று கைகாட்டினான்.

ஏறாவூரில் கல்யாண வீட்டு வாசலில் முகைதீன்பாவா அத்தர் மணக்க நின்றிருந்தார். சொக்லட் பெட்டியை நீட்டி விசயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்தார். “யா அல்லாஹ், மகள், உங்கட மருந்தா? பெட்டியெல்லாம் உள்ளுக்குப் போயிட்டு. சப்னாட்டக் கேளுங்க.” அருமைநாயகத்தை விட்டால்தானே? அவன் மறுக்க மறுக்கக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், நான்கு பேர் கூடிச் சாப்பிடும் சஹன் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

கேதீஸ்வரி சுவரைப் பிடித்துப் பிடித்து மணமகளின் அறைக்குப் போனாள். சிவப்புச் சேலையும் நகைகளுமாக சப்னா கட்டிலில் இருந்தாள். இருபத்துமூன்று வயது. இதற்கு முன் கேதீஸ்வரி அவளைப் பார்த்ததில்லை.

“ஊசிக்கு வந்த அக்கா நீங்கதானா?” என்று சப்னாவே கேட்டாள். “பிரீசருக்குள்ள வைக்கப்போனாங்க. நான்தான் பறிச்செடுத்தன். பயப்படாதீங்க, என்ட இன்சுலினோட பிரிட்ஜில கிடக்கு.”

கேதீஸ்வரி கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

சப்னாவுக்கு ஒன்பது வயதிலிருந்து சீனி வருத்தம். நாளுக்கு மூன்று தரம் ஊசி. “மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?” என்று கேதீஸ்வரி தணிந்த குரலில் கேட்டாள்.

“பொண் பார்க்க வந்த அண்டைக்கே அவருக்கு முன்னால போட்டுக் காட்டினன். மயங்கி விழுந்திட்டார். எழும்பினோன்ன, சம்மதம் எண்டு சொன்னார்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த பெண்கள் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். சப்னா ஒரு மாமியை அனுப்பி மருந்தை எடுப்பித்தாள். மாமி வெளியே போனதும், “இண்டைக்கு ஆர் போடுற?” என்று கேட்டாள்.

கேதீஸ்வரி உண்மையைச் சொன்னாள். கிளினிக்கில் பழக்கியிருக்கிறார்கள், தோடம்பழத்தில் இருபது தரம் குத்தியிருக்கிறாள், ஆனால் சொந்தத் தொடை என்று வந்ததும் கை மரத்துப்போகிறது.

“அப்ப இஞ்சயே போடுங்க. நானும் சாப்பாட்டுக்கு முந்திப் போடத்தான் வேணும். ரெண்டு பேரும் ஒண்டாப் போடுவம்.”

மருந்தின் குளிர் விட அரை மணித்தியாலம் வேண்டும். கேதீஸ்வரி ஊசியை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் சப்னா ஒவ்வொரு வளையலாகக் காட்டினாள், மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிச் சொன்னாள், ஊசி போட்டால் கேதீஸ்வரிக்கு என்ன செய்யும் என்று கேட்டாள். பின்னேரத்துக்குள் காய்ச்சலும் உடம்பு உளைவும் வரும், பனடோல் போட்டுப் படுத்தால் அடுத்த நாள் சரியாகும் என்றாள் கேதீஸ்வரி. “ஒவ்வொரு ஞாயிறுமா?” என்று சப்னா கேட்டாள். “ஓம், ஒவ்வொரு ஞாயிறும்.” சப்னா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மணமகள் சேலை முந்தானையை ஒதுக்கி, வயிற்றில் ஒரு மடிப்பைக் கிள்ளிப் பிடித்தாள். கேதீஸ்வரி சேலையை உயர்த்தித் தொடையின் வெளிப்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள்.

“மூண்டு எண்ணுவன்,” என்றாள் சப்னா. “ஒண்டு, ரெண்டு…”

மூன்று சொல்லும் முன்பே கேதீஸ்வரி குத்திவிட்டாள். நேராக, ஆழமாக, சொல்லிக் கொடுத்தபடியே. மெதுவாக அழுத்தினாள். எடுத்தாள். பஞ்சை வைத்து அமர்த்தினாள். ஒரு துளி இரத்தம்கூட இல்லை.

“அவ்வளவுதானா?” என்று தன் தொடையைப் பார்த்துக் கேட்டாள்.

“அவ்வளவுதான்கா. கள்ளம் செய்திட்டீங்க, மூண்டு வரேல்ல.”

கேதீஸ்வரிக்குத் தலை லேசாகி மிதப்பதுபோல் இருந்தது. கட்டிலில் மல்லாந்து விழுந்து, வாயில் சேலைத் தலைப்பைத் திணித்துச் சிரித்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. சப்னா கண்மை கரையக் கூடாதென்று முகத்தை மேலே உயர்த்தி வைத்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே மாப்பிள்ளை வந்துவிட்டதாகச் சத்தம் எழுந்தது. பெண்கள் உள்ளே நுழைந்து சப்னாவுக்குச் சாப்பாடு ஊட்டத் தொடங்கினார்கள். கேதீஸ்வரியின் வாயிலும் ஒரு பிடி புரியாணி வந்து சேர்ந்தது. நிக்காஹ் முடியும்வரை அவளை விடவில்லை.

மிச்சம் மூன்று ஊசியையும் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அவர்கள் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கல்லடிப் பாலத்துக்கு வந்தபோது கேதீஸ்வரிக்குப் பல் கிட்டத் தொடங்கியது. அருமைநாயகம் வேகத்தைக் கூட்டினான்.

“நானே போட்டன்,” என்றாள் அவள், அவனுடைய முதுகில் கன்னத்தை வைத்து.

“ஓம் புள்ள. பத்தாவது தரம் சொல்லுறாய்.”

“பதினோராவது. பாலத்தில கொஞ்சம் நிப்பாட்டுங்க. காத்து நல்லா அடிக்குது.”

“காய்ச்சலோட காத்து வாங்கப் போறியா?”

“காய்ச்சல் எப்பிடியும் வரத்தானே போகுது,” என்றாள் அவள். அவன் நிறுத்தினான்.